கடாயைத் துடைத்த சோறு கணக்கில் வராதா?

கேள்வி: வயது 41, எடை 74 கிலோ. மூன்று மாதமாக ஆப்பில் எழுதிவைத்து, தினமும் 1,300 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறேன். எடை அசையவில்லை. தைராய்டு நார்மல். ‘கலோரிக் கணக்கெல்லாம் சும்மா, எல்லாம் ஹார்மோன்’ என்கிறாள் தோழி. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உட்காருவேன். பிள்ளைகள் மிச்சம் வைப்பதைக் கொட்ட மனசு வராது, அவ்வளவுதான். கலோரியை நம்பலாமா?

பதில்: ‘அவ்வளவுதான்’ என்று தள்ளிவிட்டீர்களே, அந்த மிச்சத்தை ஆப்பில் எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். தன் தட்டில் போட்டுக்கொள்ளாததை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை.

நான் எழுதுகிறேன். பாதி நெய்தோசை, சுமார் 100. பிசைந்து ஒதுக்கிய தயிர்சாதம் ஒரு கரண்டி, இன்னொரு 100. உருளைக்கிழங்கு வறுத்த கடாயில் சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிடும் பழக்கம் உண்டுதானே? சோறு 100 கிராமுக்கு 130, அதில் ஏறும் இரண்டு டீஸ்பூன் எண்ணெய்க்கு 80. ஆக 400 தாண்டிவிட்டது. தாளிக்கும் எண்ணெயையும் கண்ணளவில் ஊற்றுகிறவர் என்றால் இன்னும் கூடும்.

1,200 கலோரிக்குள் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். அவர்கள் உடல் எரித்த அளவில் குறையில்லை. சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி, சொன்ன கணக்கில் இல்லை.

தோழி சொல்வது முழுப் பொய்யல்ல. ஹார்மோன், தூக்கம், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் பசியையும் உடலின் செலவையும் மாற்றும், நீரையும் தேக்கும். ஆனால் கொழுப்பு சேருவதும் கரைவதும் வரவு செலவு வழியாகத்தான். உப்பாலும் மாதவிலக்காலும் ஒரு கிலோ ஏறி இறங்கும். அதனால் தினமும் காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்து ஏழு நாள் சராசரியை எடுங்கள்.

அன்னத்தை வீணாக்கக் கூடாது, சரி. அந்தக் கடமை முதலில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு. பிள்ளை வைத்த மிச்சத்தை அம்மா வயிறு சரிக்கட்டினால் அவன் அளவறிந்து கேட்கக் கற்றுக்கொள்வது எப்போது? பாதி வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். நீங்களும் அவர்களோடு உட்காருங்கள். கடைசியில் சாப்பிடுவதைத் தியாகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பசி முற்றிய கை தானாகக் கடாய்க்குப் போகும்.

இந்த ஏழு நாளும் மிச்சத்தை வாயில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு, தினமும் தராசில் நிறுத்து எழுதுங்கள். கணவர் தட்டில் மிஞ்சுவதையும் சேர்த்து. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் காணோம்.