எந்த டெஸ்ட் போடுவது?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 40 தாய்மார்களுக்குக் கை கழுவுவது பற்றி வகுப்பு எடுத்தேன். வகுப்புக்கு முன்பும் பின்பும் 30 மதிப்பெண்ணுக்குக் கேள்வித்தாள் கொடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவுகிறார்களா, இல்லையா என்றும் இரண்டு முறை குறித்திருக்கிறேன். கைடு டி-டெஸ்ட் என்கிறார், சீனியர் கை-ஸ்கொயர் என்கிறார். தோழியோ, "எல்லாத்தையும் போட்டுப் பாரு, ஸ்டார் விழுறதை வெச்சுக்கோ" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு மாணவி, தென்காசி

பதில்: முதலில் தோழியின் யோசனையைக் கை கழுவுங்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்திலும் இருபது டெஸ்ட் போட்டால், சராசரியாக ஒன்றில் பி-வேல்யூ (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்து நிற்கும், அதன் பக்கத்தில் ஸ்டார் விழும். அந்த ஸ்டாரை வைத்து வைவாவில் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

டி-டெஸ்ட் சராசரிகளை ஒப்பிடுவது, அதனால் கைடு சொல்வது மதிப்பெண்ணுக்குப் பொருந்தும். ஆனால் எந்த டி-டெஸ்ட்? எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் மெனுவில் இன்டிபென்டன்ட் (வேறு வேறு ஆட்களுக்கு), பேர்டு (ஒரே ஆளின் இரண்டு அளவுகளுக்கு) என்று இரண்டும் அருகருகே இருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். எக்செலைத் திறந்து ஒரே ஒரு வரிசையைப் பாருங்கள். ஒரே தாய், இரண்டு எண்கள். அப்படியென்றால் பேர்டு.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஐந்து தாய்மாரை வைத்துப் பார்ப்போம். முன்பு: 8, 15, 11, 19, 5. பின்பு அதே வரிசையில்: 10, 18, 13, 21, 8. எல்லோருமே இரண்டோ மூன்றோ ஏறியிருக்கிறார்கள். பேர்டு டெஸ்டில் டி மதிப்பு (பெரிதாக ஆக, வித்தியாசம் தெளிவு) 9.8 வருகிறது. அதே எண்களை இன்டிபென்டன்டில் போட்டால் வெறும் 0.69. வகுப்பால் ஒரு பலனும் இல்லை என்று எழுதியிருப்பீர்கள்! 5 வாங்கியவருக்கும் 19 வாங்கியவருக்கும் இடையே உள்ள தூரம், ஒவ்வொருவரும் ஏறிய இரண்டு மூன்று மதிப்பெண்ணை விழுங்கிவிடுகிறது. பேர்டு டெஸ்ட் அந்தத் தூரத்தைப் பார்ப்பதே இல்லை, ஏறியதை மட்டும் பார்க்கிறது. டி-டெஸ்ட்டுக்கு வழிபோட்ட கோசெட், டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் அவர் எழுதிய கட்டுரையிலேயே, பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைக் கொடுத்து, ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்த்த கணக்கு வருகிறது. உங்கள் கணக்கும் அந்த வகைதான்.

நார்மாலிட்டி, அதாவது எண்கள் மணி வடிவில் பரவியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வார்கள். அதை இரண்டு மதிப்பெண்களின் வித்தியாசத்துக்குப் பாருங்கள், தனித்தனியாக வேண்டாம். மிகவும் கோணலாக இருந்தால் பேர்டு டி-டெஸ்ட்டுக்குப் பதில் வில்காக்சன் சைன்டு ரேங்க் டெஸ்ட்.

சரி, சோப்புக் கணக்குக்கு வருவோம். ஆம், இல்லை என்றதும் சீனியருக்குக் கை-ஸ்கொயர் ஞாபகம் வந்திருக்கிறது. அது வேறு வேறு ஆட்களை ஒப்பிடுவதற்கானது. இங்கேயும் அதே தாய்மார்தான், அதனால் மெக்நெமர் டெஸ்ட். அதில் மனம் மாறியவர்களுக்கு மட்டும்தான் வேலை. 12 பேர் 'இல்லை'யிலிருந்து 'ஆம்'முக்கு வந்து, 2 பேர் திரும்பிப் போயிருந்தால், பத்தின் வர்க்கத்தைப் பதினான்கால் வகுக்க வேண்டும்: 7.14. பி-வேல்யூ 0.05-க்குக் கீழே வர வேண்டியது 3.84, தாண்டிவிட்டது. முன்பும் பின்பும் ஒரே பதில் சொன்ன 26 பேர் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

படிப்பு வாரியாக மூன்று பிரிவாக்கி, யார் அதிகம் ஏறினார்கள் என்று பார்க்க நினைத்தால், பல சராசரிகளை ஒரே டெஸ்டில் ஒப்பிடும் அனோவா. மூன்று டி-டெஸ்ட் போடாதீர்கள், தவறான ஸ்டார் விழும் வாய்ப்பு 5-லிருந்து ஏறக்குறைய 14 சதவீதத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று, கைடுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால், பி-வேல்யூ எவ்வளவு சின்னதாக வந்தாலும் மாற்றத்துக்கு உங்கள் வகுப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே கேள்வித்தாளை இரண்டாம் முறை பார்ப்பதாலேயே சில மதிப்பெண் கூடும். குறைபாடுகள் பகுதியில் நீங்களே எழுதிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், படிவங்களை எடுத்துப் பாருங்கள். இரண்டு தாள்களிலும் ஒரே வரிசை எண் போட்டிருக்கிறீர்களா? பெயரும் இல்லாமல் எண்ணும் இல்லாமல் வாங்கியிருந்தால் எந்தத் தாள் யாருடையது என்று சேர்க்க முடியாது. பேர்டு, மெக்நெமர் இரண்டுமே போச்சு. அப்படி நடந்திருந்தால் இந்த வாரமே கைடிடம் சொல்லிவிடுங்கள், கைவசம் இருப்பதை வைத்து ஜோடி சேர்த்துவிட வேண்டாம்.