ஜூலையில் இரண்டு பாடமா?

தங்கச்சி, மகன் ஜனவரியில் வந்து கிரேட் 11இன் இரண்டாம் செமஸ்டரில் சேர்ந்ததால் ஃபங்ஷன்ஸ் கணக்கும் கெமிஸ்ட்ரியும் கிடைக்கவில்லை, இரண்டையும் இந்தச் சமர் ஸ்கூலில் (கோடை விடுமுறைப் பள்ளியில்) முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் ஃபங்ஷன்ஸ் மட்டும் போதும். கெமிஸ்ட்ரியைச் செப்டெம்பருக்கு விடுங்கள்.

கனடாவில், எங்கட ஒன்ராறியோவில் ஒரு கிரெடிட், அதாவது ஒரு முழுப் பாடம், என்றால் 110 மணித்தியாலம். செமஸ்டரில் ஐந்து மாதம் ஓடுகிற அதே பாடத்தை ஜூலையில் ஏறக்குறைய நாலு கிழமைக்குள் அடக்குவார்கள். நாளுக்கு ஐந்தரை மணித்தியாலம் வகுப்பிலேயே போகும். திங்கள் படித்ததற்குப் புதன் டெஸ்ட் வரும். ஒரு நாள் போகாவிட்டால் கிட்டத்தட்ட ஒரு கிழமைப் பாடம் போச்சு. இரண்டு மூன்று நாள் தவறினால் பெயரை வெட்டிவிடும் இடங்களும் உண்டு. (எங்கட ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் ஜூலையில்தான் வரும். இப்போதே சொந்தக்காரருக்குச் சொல்லி வையுங்கள்.)

இரண்டு எடுக்கிற பிள்ளைகள் ஒன்றை நேரிலும் மற்றதை ஆன்லைனிலும் எடுப்பார்கள். மூன்று மணிக்குக் களைத்து வந்து, அன்றைய ஹோம்வேர்க்கையும் வைத்துக்கொண்டு, திரும்ப இன்னொரு முழுப் பள்ளிக்கூட நாள் படிக்க வேண்டும்.

ஏன் ஃபங்ஷன்ஸ் என்றால், யாழ்ப்பாணத்தில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடித்த பிள்ளைக்கு அதில் பாதி பழகின விஷயம். இருபடிச் சமன்பாடு, திரிகோணகணிதம், கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி எல்லாம் அங்கேயே செய்தவை. கெமிஸ்ட்ரி அப்படி இல்லை. மூல் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு, லாப் ரிப்போர்ட்டில் என்ன கண்டோம், பிழை எங்கே வந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதும்போதுதான் மார்க் கழியும். ஆசிரியரிடம் காட்டித் திருத்தித் திரும்ப எழுத ஜூலையில் நேரம் கிடைக்காது.

இன்னொரு காரணம், கிரேட் 12 அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸுக்கு இதுதான் வாசல்; அதற்குப் பிறகோ அதோடு சேர்த்தோதான் கால்குலஸ். இதை ஜூலையில் முடித்தால் முதல் செமஸ்டரில் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸும் கிரேட் 11 கெமிஸ்ட்ரியும், இரண்டாவதில் கால்குலஸும் கிரேட் 12 கெமிஸ்ட்ரியும் எடுக்கலாம். ஒன்றும் பிந்தாது.

ஜூலையில் மார்க் சறுக்கினாலும் அது மறையாது. கிரேட் 11, 12 பாடங்களில் ஃபெயிலானாலும், கெடு தாண்டி விலகினாலும், திரும்ப எடுத்தாலும் எல்லாம் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் (மார்க் பதிவேட்டில்) நிற்கும். காசு கட்டித் தனியாரில் கெமிஸ்ட்ரி எடுக்கலாம் என்றும் யாராவது சொல்லுவினம். வாட்டர்லூ பல்கலைக்கழகப் பொறியியல் மாதிரி இடங்களில், தேவையான பாடத்தை வழக்கமான பள்ளிக்கு வெளியே எடுத்தால் ஏனென்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள்.

“வயது போகுது, ஒரு வருடம் வீணாகும்” என்று பெரியாக்கள் பயப்படுத்துவார்கள். இங்கே 21 வயது வரை அரசுப் பள்ளிக்கூடம் இலவசம். ESL (ஆங்கிலம் புதிதாகப் படிக்கிறவர்களுக்கான பாடங்கள்) முடித்து கிரேட் 12 ஆங்கிலத்துக்கு வரவே மகனுக்கு நேரம் வேண்டும். அது இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் எடுக்காது. இன்னொரு செமஸ்டர் இருந்து படிக்கிற பிள்ளைகள் ஏராளம்.

ஓகஸ்ட்டில் டிப்ளோமாவுக்கான 40 மணித்தியாலத் தொண்டு வேலையைத் தொடங்கட்டும்.

கைடன்ஸ் கவுன்சிலரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்தப் பள்ளியில் கிரேட் 11 கெமிஸ்ட்ரி முதல் செமஸ்டரில் இருக்கிறதா? இரண்டாவதில் மட்டும்தான் என்றால் எனக்குத் திரும்ப எழுதுங்கள். அப்போது கெமிஸ்ட்ரியை ஜூலைக்கு எடுத்து, ஃபங்ஷன்ஸைச் செப்டெம்பருக்குத் தள்ளலாமா என்று பார்ப்போம்.