நிறுத்திய மாத்திரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். போன வருடத்திலிருந்து நானும் ஏழு வயது மகளும் என் பெற்றோர் வீட்டில் இருக்கிறோம். பங்குத்தந்தை முன்னிலையில் இரு வீட்டாரும் பேசிப் பார்த்தும் ஒன்றும் சரியாகவில்லை. இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள் என்றும், பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவள் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

படபடப்புக்காக இரண்டு ஆண்டுகளாக எஸ்சிட்டாலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தேன். ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று திருவனந்தபுரத்தில்தான் மருத்துவரைப் பார்த்தேன். நோட்டீஸ் வந்த அன்றே மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து, கண்ணைத் திருப்பினாலே மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போலிருக்கிறது. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, தூங்கினால் பயங்கரமான கனவுகள் வருகின்றன. காரணமில்லாமல் அழுகிறேன், மகளிடம் எரிந்து விழுகிறேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது. அவர் சொன்னது போல எனக்குப் பைத்தியம்தானோ என்று பயமாக இருக்கிறது. அவர்கள் கேட்பதை எழுதிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றிலிருந்தும் தப்பித்தால் போதும் என்றிருக்கிறது. மாத்திரை விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. சொல்லலாமா?

பெயர் வேண்டாம், அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் இன்றே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பழைய மருந்துச் சீட்டை எடுத்து, நீங்கள் சாப்பிட்டது எஸ்சிட்டாலோபிராம் மட்டும்தானா, அல்லது குளோனாசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தும் சேர்ந்த மாத்திரையா என்று பாருங்கள். நம் நாட்டில் இவ்விரண்டும் ஒரே மாத்திரையாக வருவது வழக்கம். சாப்பிடுகிற பலருக்கு அது தெரிவதும் இல்லை. நெடுநாள் சாப்பிட்ட குளோனாசெபாமைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். சீட்டில் அந்தப் பெயர் இருந்தால், இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நான் மருத்துவர் அல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கிற எந்த மனநல மருத்துவரும், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதைத்தான் முதலில் சந்தேகிப்பார் என்று உறுதியாகச் சொல்வேன். இந்த வகை மாத்திரையுடன் மூளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பழகித் தன் வேலையை அதற்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்கிறது. ஒரே நாளில் மருந்தை எடுத்துவிட்டால், மறுபடி மாற்றி அமைத்துக்கொள்வதற்குள் உடம்பு தடுமாறிவிடுகிறது. நிறுத்திய சில நாட்களுக்குள் தலைசுற்றல், குமட்டல், விசித்திரமான கனவுகள், எரிச்சல், அழுகை ஆகியவை தொடங்குகின்றன. கண்ணைத் திருப்பும்போது மண்டைக்குள் ஷாக் அடிப்பது என்பது, உலகமெங்கும் இம்மாத்திரைகளை நிறுத்தியவர்கள் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லி வருவது. ஆகவே நீங்கள் பயப்படுகிற அந்தச் சொல்லுக்கு இங்கே இடமில்லை.

நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று மருத்துவர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் மனநல மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2019-ஆம் ஆண்டில்தான் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, சிலருக்கு இந்த அவதி கடுமையாகவும் நீண்டும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. அதற்காக, மாத்திரையே விஷம், தியானமும் மூலிகையும் போதும் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களின் பக்கம் போய்விடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் நீங்கள் வீட்டைக் கவனித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, இவ்வளவு பிரச்சினைகளுக்கு நடுவே நிற்க முடிந்ததில் அந்த மாத்திரைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

இனி, உங்கள் கடிதத்தில் மூன்று துன்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, மருந்தை நிறுத்தியதால் வந்தது. இரண்டாவது, எதற்காக மருந்து சாப்பிட்டீர்களோ அந்தப் பழைய படபடப்பு திரும்பி வருவது. மூன்றாவது நோயே அல்ல. ஒன்பது ஆண்டுக் குடும்பம் உடைகிறபோது எவருக்கும் வருகிற துக்கம். மருந்தை நிறுத்தியதால் வருவது சில நாட்களிலேயே தொடங்கிவிடும், முன்பு ஒருபோதும் இல்லாத உடல் தொந்தரவுகளோடு வரும், மருந்தைத் திரும்பத் தொடங்கினால் பெரும்பாலும் விரைவிலேயே அடங்கும். பழைய நோய் அப்படி வருவதில்லை; பொதுவாகப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறி வரும். துக்கத்துக்கோ ஒரு பொருள் இருக்கும்: ஒரு புகைப்படம், மஸ்கட்டிலிருந்து வராத ஒரு போன், மகள் அப்பாவைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்வி. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது மண்டைக்குள் அடிக்கிற ஷாக்குக்குப் பொருள் எதுவும் கிடையாது. இவற்றை முழுக்கப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. உங்களால் முடிந்தது, மகளின் பழைய நோட்டு ஒன்றில் எப்போது என்ன வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று இரண்டிரண்டு வரி எழுதி வைப்பது. மருத்துவர் முன் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோய் அழுகை மட்டும் மிஞ்சுகிறவர்களுக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

எறிந்த அட்டையைத் தேடி எடுத்து நீங்களாகவே மறுபடி தொடங்காதீர்கள். இரண்டு வாரம் விட்டுப்போன பிறகு பழைய அளவிலேயே தொடங்குவதா, குறைத்துத் தொடங்குவதா, தொடங்காமலே பார்ப்பதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். பின்னால் ஒரு நாள் முறையாக நிறுத்துகிறபோதும் அவசரம் வேண்டாம். 2019-இல் லான்செட் குழுமத்தின் மனநல மருத்துவ இதழில் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இருவர் எழுதிய கட்டுரை இதை விளக்கியது. மருந்தின் அளவும் மூளையில் அது செய்கிற வேலையும் நேர்விகிதத்தில் குறைவதில்லை. 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு வருவதைக் காட்டிலும், 5-லிருந்து ஒன்றுமில்லாமல் ஆக்குவது பெரிய இறக்கம். கீழே போகப்போகப் படியின் உயரம் கூடிக்கொண்டே போகிற கோயில் குளத்தில் இறங்குவதைப் போன்றது அது. ஆகையால் கடைசி அளவுகளைத்தான் மிகமிக மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு அதற்கு மாதங்கள் பிடிக்கும். என் அபிப்பிராயம், வழக்கு நடக்கிற காலம் மாத்திரையைக் குறைப்பதற்கான காலம் அல்ல என்பதே. முடிவு உங்கள் மருத்துவருடையது.

நீங்கள் மாத்திரையை எறிந்ததற்குக் காரணம் உடம்பு அல்ல, நோட்டீஸில் இருந்த அந்த ஒரு வரி. அதனால் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் பொருந்துகிற 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் மனநிலையைக் காரணமாகக் காட்டி மணவிலக்குக் கேட்க இடமுண்டு. ஆனால் அது குணப்படுத்த முடியாத சித்தசுவாதீனமின்மையாகவும் (அதாவது புத்தி தன் வசத்தில் இல்லாத நிலையாகவும்), மனுப் போடுவதற்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். படபடப்புக்கு மாத்திரை சாப்பிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிற ஒரு தாய்க்கும் அதற்கும் வெகுதூரம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கப்படுவதாலேயே அவர் சித்தசுவாதீனமற்றவர் என்று கொள்ளக்கூடாது, நீதிமன்றம் அப்படி அறிவித்தால் ஒழிய, என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மருந்துச் சீட்டைப் பேசவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. பேசுவார், அதற்குத்தானே அவருக்குக் கூலி. அப்போது, ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டு நலமாக இருக்கிறவர் என்று உங்கள் மருத்துவர் எழுதித் தருவது உங்கள் பக்கம் நிற்கும். பயந்து மருந்தை எறிந்துவிட்டுத் தூக்கமில்லாமல் நீதிமன்றத்தில் கைநடுங்க நிற்பதுதான் எதிர்த்தரப்புக்கு வசதி. மாத்திரையைப் பற்றி உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிராளி வாயிலிருந்து அவர் அதை முதல் தடவையாகக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

இந்த வாரங்களில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். தப்பித்தால் போதும் என்று இப்போது தோன்றுவதில் எவ்வளவு உங்கள் முடிவு, எவ்வளவு தலைசுற்றல் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. பிரிவதுதான் சரி என்று இரண்டு மாதம் கழித்தும் தோன்றினால் அப்போது பிரியலாம். நோட்டீஸுக்குப் பதில் அனுப்புவதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். தலை சுற்றுகிற நாட்களில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். நம் மாவட்டத்துப் பழக்கப்படி நாளுக்கு நான்கைந்து கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கிறவரானால் அதைக் குறைத்துப் பாருங்கள், படபடப்பும் தூக்கமும் கொஞ்சம் மேம்படும். மகளிடம் எரிந்து விழுந்த பிறகு, “அம்மாவுக்குச் சுகமில்லை, நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை” என்று சொல்லிவிடுங்கள். ஏழு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

தப்பிப்பது என்று நீங்கள் எழுதியிருப்பதில் உயிரை விடுகிற எண்ணமும் இருக்கிறதா என்று நேராகவே கேட்கிறேன். இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணம் வலுத்தால் வீட்டில் இருப்பவர்களை எழுப்பி அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். முதலில் அழுவார், பிறகு இதெல்லாம் உங்கள் கணவர் வீட்டார் வைத்த செய்வினை என்பார், ஏதாவது திருத்தலத்துக்கு நேர்ந்துகொள்வார். நேர்ந்துகொள்ளட்டும், அதனால் மாத்திரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. “எனக்கு மாத்திரை வேண்டியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாருங்கள்” என்ற அளவில் சொன்னால் போதும். மணவாழ்க்கையின் முழுக்கதையையும் அன்றே கொட்ட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்து மருத்துவர் போனில் கிடைத்தால் முதலில் அவரிடம் பேசுங்கள், உங்களை அறிந்தவர் அவர்தான். கிடைக்காவிட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தெரிந்த முகம் யாராவது கண்ணில் படலாம். அவர்களும் அங்கே வைத்தியத்துக்குத்தான் வந்திருப்பார்கள். புறநோயாளிகளைக் காலையில் பார்ப்பார்கள், ஆகவே கருங்கலிலிருந்து வெள்ளெனவே பஸ் ஏறிவிடுங்கள். பழைய மருந்துச் சீட்டையும் அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா