தவறான விடையைப் படிக்கத் தெரிய வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பதை வகுப்பறையிலும் இணையவழியிலும் எப்படி அறிவது என்று கேட்டு, இம்மாதம் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டு, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு மாதந்தோறும் கூகுள் ஃபார்மில் 20 பலவுள் தெரிக வினாக்கள் அனுப்புகிறேன். வீட்டிலிருந்து எழுதும்போது பெரும்பாலோர் 15-க்கு மேல் எடுக்கிறார்கள். அதே கணக்கை மறுநாள் கரும்பலகையில் போட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். நான் எதை நம்புவது?
– ஆசிரியை ஒருவர், மண்டபம்

கரும்பலகையை நம்புங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா 20 இருந்தால், வினாவையே படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக 5 சரியாகிவிடும். அதற்கு மேல், வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு மறுநாள் கரை திரும்பும் ஊரில், அந்தப் படிவத்தை நிரப்பியது உங்கள் மாணவனா, பத்தாம் வகுப்பு படிக்கும் அவனுடைய அக்காவா என்பதை நீங்கள் அறிய வழியில்லை.

ஆனால் இதற்காகப் படிவத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நீங்கள் அதில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், பார்க்க வேண்டாததைப் பார்க்கிறீர்கள் என்பதே என் எண்ணம். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். 502-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 324. மற்ற மூன்று விடைகளாக 300, 225, 680 என்று வாய்க்கு வந்ததைக் கொடுத்தால், தவறிய பிள்ளையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவற்றுக்குப் பதிலாக 476, 334, 424 என்று கொடுத்துப் பாருங்கள். 476-ஐத் தொட்டவன், மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று கவலைப்படாமல், ஒவ்வோர் இலக்கத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறான்; கடன் வாங்குதல் என்பதே அவனுக்குள் நுழையவில்லை. 334-ஐத் தொட்டவள் கடன் வாங்கத் தெரிந்தவள். நூறிலிருந்து வாங்கிய பத்துப் பத்துகளில் ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு மீதி ஒன்பதுதான் என்பதை மட்டும் மறந்துவிட்டாள். 424-ஐத் தொட்டவனோ கடனை வாங்கிவிட்டு, கொடுத்தவர் கணக்கில் குறைக்காமல் விட்டவன். (கடைத்தெருவில் இப்படிச் சிலர் உண்டு, அவர்களுக்குக் கழித்தல் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.)

மூன்று பேருக்கும் கிடைப்பது அதே சுழியம்தான். ஆனால் மறுநாள் காலை மூன்று பேருக்கும் நடத்த வேண்டிய பாடம் வேறு வேறு. முதலாமவனுக்குக் குச்சிக்கட்டுகளும் இடமதிப்பு அட்டையும் தேவை. இரண்டாமவளுக்கு நடுவில் சுழியம் வரும் கணக்குகள் நான்கைந்து போதும். மூன்றாமவனைத் தன் விடையோடு 178-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னால், 602 வருவதைக் கண்டு அவனே பிழையைப் பிடித்துவிடுவான். படிவத்தின் பதில்கள் பகுதியில் ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை பேர் எந்த விடையைத் தொட்டார்கள் என்ற வரைபடம் தானாகவே வந்துவிடுகிறது. இருபது வினாக்களை ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொன்றின் தவறான விடைகளையும் உங்கள் வகுப்பு நோட்டுகளில் நீங்கள் கண்ட உண்மையான பிழைகளிலிருந்தே எடுத்து அமையுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும். விடை எழுதியது யார் என்ற ஐயத்துக்கு, ஒரு கணக்கை எப்படிப் போட்டாய் என்று முப்பது விநாடி குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லுங்கள். அக்கா கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். தம்பி தன் குரலில் அதை விளக்க வேண்டுமானால் அதற்குள் அவன் கொஞ்சம் கற்றிருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, என் மகன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அப்பாவோடு ஏலக்கடைக்குப் போனால் நண்டுக்கும் கணவாய்க்கும் கணக்கை மனத்திலேயே போட்டுச் சொல்லிவிடுவான். பள்ளியில் கணக்குப் பாடத்தில் 100-க்கு 31. படிப்பு ஏறாத பிள்ளை என்கிறார்கள். எதை நம்ப?
– தாய் ஒருவர், தங்கச்சிமடம்

அம்மா, இரண்டும் உண்மையாக இருக்க முடியும். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் எலுமிச்சையும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கல்வித் துறையில் மிகவும் பெயர்பெற்றது. கடையில் நின்றபடி வாடிக்கையாளர் கேட்பதுபோலக் கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் பெருக்கல், கழித்தல் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடுதான். அவர்களில் ஒரு பையனிடம், ஒன்று 35 என்ற விலையில் பத்துத் தேங்காய்க்கு எவ்வளவு என்று கேட்டபோது, பக்கத்தில் ஒரு சுழியம் போடும் பள்ளி வழியை விட்டுவிட்டு, மூன்று காய்க்கு 105 என்று தொடங்கி மூன்று மூன்றாகக் கூட்டி, கடைசி ஒன்றையும் சேர்த்து 350 என்று சொன்னான்.

உங்கள் மகனிடம், கிலோ 450 ரூபாய் என்றால் 7 கிலோ நண்டு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஏழு நானூறு 2800, ஏழு ஐம்பது 350, ஆக 3150 என்றுதான் பெரும்பாலும் சொல்வான். இதைத்தான் அவனுடைய பாடநூல் பங்கீட்டுப் பண்பு என்கிறது. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று நாள்தோறும் காதில் விழும் பிள்ளைக்கு அந்தப் பெயரே அந்நியமாகத் தெரிவது வேடிக்கைதான்.

ஆனால், கடல் கற்றுக்கொடுத்ததே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். குறை முழு எண்களும் இயற்கணிதமும் ஏலக்கடையில் கிடைக்காதவை. அவற்றுக்குத் தாளும் எழுத்தும் வேண்டும். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்காதீர்கள். விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கணக்குகளைத் தொடாமலே விட்டிருக்கிறான், எவற்றைத் தொட்டுத் தவறியிருக்கிறான் என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். தொடாமல் விட்டவை பெரும்பாலும் கேள்வியின் மொழி புரியாதவை. ஏலக்கடையில் அவன் வாயால் சொல்லும் வழியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் அதற்கு மறுக்க மாட்டார்.

கேள்வி: கற்றல் விளைவு, வளரறி, தொகுத்தறி என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. செயலியில் பதிவேற்றுவதற்கே நேரம் போகிறது. இவற்றால் பிள்ளைக்கு என்ன பயன்?
– இடைநிலை ஆசிரியர், தொண்டி

பெயர்களின் வரலாறு சிறியது. பாடம் நடக்கும்போதே திருத்திக்கொள்வதற்கான மதிப்பீடு (வளரறி), முடிந்த பிறகு தீர்ப்பு வழங்கும் மதிப்பீடு (தொகுத்தறி) என்ற வேறுபாட்டுக்கு 1967-இல் பெயர் சூட்டியவர் மதிப்பீட்டியல் அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012–13 முதல் முப்பருவ முறை வந்தபோது வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கற்றல் விளைவுப் பட்டியலைத் தொடக்கக் கல்விக்காக என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு) வெளியிட்டது 2017-இல். 2022-இல் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை வயதைப் பாராமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. அப்பெயர்களைச் சூட்டியவர்கள், அரும்பு அரும்பாகவே நின்றுவிடாது என்பதை நினைவில் வைத்திருக்கிறார்கள். வகுப்பறையில் சிலர் அதை மறந்து, ஆண்டு முழுவதும் ஒரே பிள்ளையை அரும்புப் பாயிலேயே உட்கார வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

பயன் என்ன என்று கேட்கிறீர்கள். பணியில் இருந்தபோது, பருவம் முடியும் நாளுக்கு முந்தைய இரவில், நாற்பது பிள்ளைகளின் வளரறி மதிப்பெண்களை ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பியவன் நான். எல்லாருக்கும் 40-க்கு 33 முதல் 38 வரை. பதிவேட்டைப் பார்த்த அலுவலர் ஒன்றும் சொல்லவில்லை. மை நிறம் மாறவே இல்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த 40 மதிப்பெண் ஒரு பிள்ளைக்கும் பயன்படவில்லை, எனக்கும் பயன்படவில்லை. நாள்தோறும் ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனித்து, அவர்களால் எதைச் செய்ய முடிந்தது என்று ஒரு வரி எழுதிவைத்தால், நாற்பது பேரையும் எட்டு நாளில் சுற்றி வந்துவிடலாம். 'பின்னங்களில் பகுதி எண்ணைப் பார்த்து எது பெரியது என்கிறாள். தொகுதியைப் பார்ப்பதில்லை' என்பது போன்ற ஒரு வரி. செயலி கேட்பதை அந்த நோட்டிலிருந்து எடுத்துக் கொடுங்கள். செயலிக்காக நோட்டு எழுதத் தொடங்கினால் என் ஒரே பேனாக் கதைதான் மீண்டும் நடக்கும்.

கேள்வி: விடைத்தாளில் மதிப்பெண்ணோடு குறிப்பும் எழுதுகிறேன். பிள்ளைகள் படிப்பதே இல்லை.
– ஆசிரியை ஒருவர், தேவிபட்டினம்

படிக்க மாட்டார்கள். உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே முன்னேறாமல் நின்றார்கள். திங்களன்று குறிப்போடு தாளைக் கொடுங்கள், பிழையை அவர்களே திருத்தட்டும், மதிப்பெண்ணைப் புதனன்று சொல்லுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு இணையவழித் தேர்வு வைத்தால் எல்லாருடைய விடையும் ஒன்றுபோல இருக்கிறது. கேமராவைப் போடச் சொல்லலாமா?
– பட்டதாரி ஆசிரியர், கீழக்கரை

வேண்டாம். ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டைக் கேமராவில் காட்டச் சொல்வது முறையும் அல்ல. சிக்னல் விட்டு விட்டு வரும் கரையில் அது நடக்கக்கூடியதும் அல்ல. பார்த்து எழுதினாலும் பயன்படாத வினாவைக் கேளுங்கள். பருவக்காற்று என்றால் என்ன என்று கேட்டால் முப்பது பேரும் ஒரே இணையதளத்திலிருந்து எடுத்துத்தான் எழுதுவார்கள். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் நம் ஊரில் சொல்கிறார்களே, வடகிழக்குப் பருவக்காற்றின்போது எது கொந்தளிக்கும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது எது கொந்தளிக்கும், ஏன் என்று கேளுங்கள். காற்று வரும் திசையையும் நிலம் மறைக்கும் திசையையும் சேர்த்து எண்ணாமல் இதற்கு விடை எழுத முடியாது. வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதினாலும் நல்லதே. எவரிடம் கேட்டான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் சீட்டுப் போட்டு மூன்று பேரை எடுத்து, தான் எழுதிய விடையை இரண்டு நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டில் தன் பெயர் வரக்கூடும் என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

தேர்வு முடிந்ததும் இன்னொன்றையும் பாருங்கள். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, பின்தங்கியவர்கள் சரியாக எழுதிய வினா ஏதேனும் இருந்தால், பிழை பெரும்பாலும் வினாவிலோ, நீங்கள் குறித்துவைத்த விடையிலோதான் இருக்கும். அந்த வினாவுக்கு எல்லாருக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கேள்வி: பாடம் முடிந்த மறுநாள் தேர்வு வைத்தால் நன்றாக எழுதுகிறார்கள். விடுமுறை முடிந்து வந்தால் எல்லாம் மறந்திருக்கிறது. எந்தத் தேர்வு உண்மை?
– தலைமை ஆசிரியர், பெரியபட்டினம்

பின்னதுதான் கற்றலுக்கு அருகில் இருப்பது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே தேர்வை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் பயிற்சியாகவும் வையுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பு தொடங்கும்போது சென்ற வாரத்திலிருந்து இரண்டு வினா, சென்ற மாதத்திலிருந்து இரண்டு, சென்ற பருவத்திலிருந்து ஒன்று. நோட்டை மூடிவைத்து எழுதட்டும், அவர்களே திருத்தட்டும், மதிப்பெண் வேண்டாம்.

உங்கள் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுக்குப் போகும் தந்தையர் பலர் அந்த 61 நாளும் கரையில் இருப்பார்கள். விடுமுறைக்கு முன் அந்த ஐந்து வினா அடங்கிய தாள்கள் எட்டைத் தைத்து, வாரம் ஒன்றாக அப்பாவிடம் விளக்கிச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். அப்பாவுக்கு விடை தெரிய வேண்டியதில்லை; எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல் என்று கேட்டால் போதும்.