கூட்டம் எதைப் பார்த்தது?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் சோழர் காலக் கதை ஒன்றை மேடையில் பார்த்தேன். இளவரசனுக்கு நஞ்சு வைத்த அமைச்சரை, கடைசியில் ஊர் மக்களே தெருவில் இழுத்துப் போட்டு அடித்துக் கொல்கிறார்கள். அரங்கமே எழுந்து கை தட்டியது. முன்வரிசையில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று ‘விடாதே, விடாதே’ என்று கத்தினான். நானும் தட்டினேன். வீடு திரும்பும்போது மனசு என்னவோ போலாகிவிட்டது. ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்கிறார் என் கணவர். அப்படித்தானா? சரித்திரக் கதையில் பழிவாங்கலே கூடாதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அமைச்சர் நஞ்சைக் கலப்பதை நீங்கள் உங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் கை தட்ட முடிந்தது. அந்த ஊர் மக்கள் அதைப் பார்க்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டுத் தடியை எடுத்தவர்கள் அவர்கள். நம் கண்ணை நாம் அவர்களுக்குக் கடன் கொடுத்துவிடுகிறோம். உடனே கொலை நீதியாகத் தெரிகிறது.

நிஜத் தெருவில் அந்த முதல் காட்சியைப் பார்த்தவர் எவரும் இருப்பதில்லை. 2018இல் மகாராஷ்டிரத்தின் ரெயின்பாடா கிராமத்துக்குப் பிச்சை கேட்டு வந்த நாடோடிச் சமூகத்தவர் 5 பேரைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நம்பி, ஊராட்சி அலுவலக அறைக்குள் தள்ளி அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களிடம் இருந்தது கைப்பேசியில் பரவிய ஒரு வதந்தி மட்டும்தான்.

இதை நம் மொழியில் மிகச் சரியாக எழுதியவர் இளங்கோ. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கோவலன் குற்றமற்றவன் என்பது நமக்குத் தெரியும். உங்கள் நாடகம் செய்ததற்கு நேர் எதிர். காவலர்கள் அவனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே கள்வரின் தந்திரங்களை அடுக்குகிறான். இளைஞன் ஒருவன், மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே பறித்துப் போன திருடனின் கதையைச் சொல்கிறான். எங்கோ, எப்போதோ, வேறு எவனோ செய்தது! ஆனால் அந்தக் கதையிலேயே தயக்கம் கரைந்துவிடுகிறது. பேச்சு முடிவதற்குள் ‘கல்லாக் களிமகன்’ ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவர்கள் அரசனின் ஆட்கள்தான், ஊர்க்கூட்டமல்ல. ஆனாலும் கும்பல் உருவாகும் விதம் இதுதான். எல்லாரும் தீர்மானித்துக் கொல்வதில்லை. நாலு பேர் யோசித்துக்கொண்டிருக்கும்போது குடித்தவன் ஒருவன் முந்திக்கொள்கிறான். பிறகு அது எல்லாருடைய செயலாகிவிடுகிறது.

அந்தக் காலம் அப்படித்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் தெருக்கொலை இல்லை. துரோகிகளின் பெயர்கள் இருக்கின்றன, பறிமுதலான நிலம் இருக்கிறது, அதை விற்ற கணக்கு இருக்கிறது. உறவினர்களின் சொத்தையும் பறித்தார்கள். அதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொலையுண்டவன் ராஜராஜனின் சொந்த அண்ணன். வேட்டையில் கை தவறி ஆள் இறந்தால், சபை கூடி விசாரித்து, கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைக்கச் சொன்ன கல்வெட்டுகளும் உண்டு. ஒரு விளக்கின் நெய்க்கு 96 ஆடுகள் என்பது வழக்கமான கணக்கு. உயிருக்கு ஆடு ஈடாகுமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அங்கே ஊர் உட்கார்ந்து பேசியிருக்கிறது. கிரீடத்தையும் கச்சையையும் அத்தனை சிரத்தையாகத் தைக்கிறவர்கள் இந்தப் பேச்சை மட்டும் ஏன் வெட்டி எறிகிறார்கள்?

பழிவாங்கல் தாராளமாக வரட்டும். கண்ணகி செய்ததும் பழிவாங்கல்தான். ஆனால் அவள் மற்றொரு சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவைக்குப் போனாள். வழக்குரைத்தாள், அரசன் முன்னால் சிலம்பை உடைத்துக் காட்டினாள். தீ அதற்குப் பிறகுதான். அந்தத் தீயை இன்றும் என்னால் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

அந்த நாடகத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால் அமைச்சரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள். அங்கே யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் ‘நீ பார்த்தாயா?’ என்று கேட்கிறாரா? கேட்டால் எனக்கு எழுதுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.