பாதி விலை கேம் கீ: வாங்கலாமா?

கேள்வி: கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் முழு விலைக்கு இருக்கும் கேமின் கீ (கேமை நம் அக்கவுன்ட்டில் சேர்க்கும் குறியீடு), மறுவிற்பனைத் தளங்களில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: கடை வேறு, சந்தை வேறு. ஹம்பிள், ஃபனாட்டிக்கல் போன்றவை வெளியீட்டாளர்களோடு ஒப்பந்தம் போட்டு கீ விற்கும் கடைகள். அங்கே தயங்காமல் வாங்கலாம். ஜி2ஏ, கிங்குயின் போன்றவை சந்தைகள். அங்கே உங்களுக்கு விற்பவர் முகம் தெரியாத யாரோ. அவர் கைக்கு அந்த கீ எப்படி வந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

பல கேம்களைச் சேர்த்து விற்கும் பண்டிலில் மிஞ்சியதாக இருக்கலாம், தள்ளுபடி நாளில் வாங்கிப் பதுக்கியதாக இருக்கலாம். விமர்சகர் என்று பொய் சொல்லி, கேமை உருவாக்கியவரிடமே இலவசமாகக் கறந்ததாகவும் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் விட மோசமானது திருட்டு கார்டு. உருவாக்கியவரின் சொந்தத் தளத்தில் அடுத்தவர் கார்டைப் போட்டு கீ வாங்கி, உடனே சந்தையில் தள்ளிவிடுவார்கள். கார்டுக்காரர் வங்கியில் புகார் செய்ததும் பணம் திரும்பப் போய்விடும், அப்படித் திருப்பியதற்கான சார்ஜ்பேக் கட்டணமும் உருவாக்கியவர் தலையில்தான் விழும். விற்காமலே இருந்திருந்தால் அவருக்கு அந்த நஷ்டம்கூட வந்திருக்காது. ஃபேக்டோரியோ கேமை உருவாக்கிய வூப் நிறுவனத்துக்கு நடந்தது இதுதான். அதன் 198 திருட்டு கீகள் தன் சந்தையில் விற்றதை ஒப்புக்கொண்டு, 2020-இல் ஜி2ஏ 39,600 டாலர் கொடுத்தது. கணக்கைத் தோண்டித் துருவ நேரமில்லாத சின்னக் குழுக்களுக்கு அதுவும் கிடைக்காது.

கேள்வி: வாங்கிய கீயை ரத்து செய்துவிடுவார்களா?

பதில்: செய்யலாம். 2015-இல் யுபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம், திருட்டு கார்டில் வாங்கி மறுவிற்கப்பட்ட ஃபார் க்ரை 4 கீகளை ரத்து செய்தது. ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து விளையாடத் தொடங்கியவர்களுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். எல்லா நிறுவனமும் அப்படி இறங்கி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பத் தரும் ஸ்டீம் ரீஃபண்டும் வெளியில் வாங்கிய கீக்குச் செல்லாது.

எங்கே வாங்கினாலும் பணம் கட்டும் முன் ரீஜன் பாருங்கள். வேறு நாட்டுக்குப் பூட்டிய கீ உங்கள் அக்கவுன்ட்டில் ஏறாது. வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போட்டு ஏற்றுவது ஸ்டீம் விதிகளுக்கே எதிரானது. விளம்பரத்தில் 'கீ' என்று இல்லாமல் 'அக்கவுன்ட்' என்றிருந்தால் தொடவே வேண்டாம். பழைய சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் அதை மீட்டுக்கொள்வார். கீ ஏறவில்லை என்றால் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பல தடவை தவறினால் ஸ்டீம் சிறிது நேரம் ஆக்டிவேஷனையே நிறுத்திவைக்கும். பிழைச் செய்தியை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து விற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பைரசிக்கு (திருட்டுப் பிரதிக்கு) இப்படிச் சந்தையில் கீ வாங்குவது மேல்தானே?

பதில்: 2019-இல் நோ மோர் ரோபோட்ஸ் என்ற கேம் வெளியீட்டு நிறுவனத்தின் மைக் ரோஸ், ஜி2ஏ-வில் வாங்குவதற்குப் பதில் தன் கேம்களைப் பைரசியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே வெளிப்படையாகச் சொன்னார். இரண்டுமே வேண்டாம். கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டுவையுங்கள், விலை குறையும்போது ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும்.