லென்ஸின் பாதியை மறைத்தால் பிம்பத்தின் பாதி மறையுமா?

மறையாது. குவிலென்ஸின் (நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த லென்ஸ்) மேல் பாதியில் கறுப்புத் தாளை ஒட்டினாலும் திரையில் முழுப் பிம்பம்தான் விழும். வெளிச்சம் மட்டும் பாதியாகக் குறையும்.

பத்தாம் வகுப்பில் நானும் பாதி மறையும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைக்க வைப்பது பாடத்தில் வரும் கதிர்ப்படம். பொருளுக்குப் பதிலாக ஓர் அம்பை வரைந்து, அதன் நுனியிலிருந்து இரண்டே கோடுகள் வரைவோம்: ஒன்று லென்ஸின் நடுக்கோடான அச்சுக்கு இணையாகப் போய் வளைந்து குவியம் (இணையாக வரும் ஒளி ஒன்றுகூடும் புள்ளி) வழியாக வரும், இன்னொன்று லென்ஸின் நடுவில் நேராகப் போகும். மேல் பாதியை மறைத்தால் முதல் கோடு போய்விடுகிறது, அப்போது நுனியின் பிம்பமும் போய்விடும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டும் வரையச் சுலபமான கோடுகள், அவ்வளவுதான். உண்மையில் அந்த ஒரு நுனியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸின் முகம் முழுவதும் விழுகிறது. லென்ஸின் ஒவ்வொரு துண்டும் தன்மேல் விழுந்ததை அதே ஒரு புள்ளிக்குத்தான் அனுப்புகிறது.

எப்படி என்றால், காற்றில் நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. வேகத்தில் வரும் ஒளி, சாதாரணக் கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சமாக வேகம் குறைகிறது. சாய்வாக நுழைந்தால் இந்த வேக மாற்றமே அதைத் திருப்பிவிடும். லென்ஸின் நடுவில் இரண்டு பரப்புகளும் இணையாக இருப்பதால் திருப்பம் இல்லை. விளிம்பை நோக்கிப் போகப் போக சாய்வு கூடும், திருப்பமும் கூடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விளிம்பு வழியாகப் போகும் ஒளிக்குத் தூரம் அதிகம். நடுவழியாகப் போவதற்குத் தூரம் குறைவு, ஆனால் தடித்த கண்ணாடிக்குள் மெதுவாக நகர வேண்டும். கணக்குப் போட்டால் எல்லா வழிகளுக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது! அந்த அளவுக்குச் சரியாக வளைத்த கண்ணாடிதான் லென்ஸ்.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். என்னிடம் இருப்பதற்கு ஒரு சாண் தூரத்தில் வெளியே நிற்கும் தென்னை மரம் தலைகீழாக, வண்ணத்தோடு சுவரில் விழும். இப்போது மேல் பாதியை மறையுங்கள், அப்புறம் கீழ்ப் பாதியை. நடுவில் ஒரு நாணயத்தையும் ஒட்டிப் பாருங்கள். மரம் முழுசாகவே இருக்கும். ஓரத்தைச் சுற்றி மறைத்தால் பிம்பம் மங்கினாலும் இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் கோள வடிவ லென்ஸின் விளிம்பு ஒளியைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே திருப்புகிறது. காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் லென்ஸுக்குப் பதில் குழியாடி, அதாவது உட்குழிந்த கண்ணாடி, ஆனாலும் விஷயம் இதேதான்: ஆடிக்கு எதிரே நடுவில் கருவி மறைத்தாலும் படத்தில் ஓட்டை விழுவதில்லை.

தாள் லென்ஸை ஒட்டியே இருக்க வேண்டும். அதைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தினால் பிம்பத்தின் மேல் பகுதி, அதாவது மரத்தின் அடி, மெல்ல மறையத் தொடங்கும். அந்த இடத்துக்கு வருவதற்குள் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் தனித்தனியாகப் பிரிந்து தன் இடத்தை நெருங்கியிருக்கும்.